அப்படி ஒருத்தன் எங்க தெருவுல இல்லை

எம் புருசன் பேரு தங்கச்சாமி. புருசன் பேரைப் பொம்பளை வாயால சொல்லக் கூடாதும்பாக. சொல்லாதவுக சொல்லாமலே இருந்துக்கிடட்டும். ஒரு தெருவே கூடி அந்தப் பேருல ஆளே இல்லைன்னு சொன்ன பொறவு, அதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் மனுசனை ஊருக்குத் திருப்பிக் கொண்டாந்தேன். இன்னமும் சொல்லுவேன். எவ வந்து என்னையக் கேக்கா பாப்பம்.

எங்களுக்குச் சுந்தரபாண்டியம். நான் ராஜபாளையத்துல ஒரு ஜின்னிங் பாக்டரியில பஞ்சு பிரிக்கிற வேலைக்குப் போயிட்டு வந்தேன். காலையில பஸ் ஏறுனா பொழுது அடையத்தான் திரும்புவேன். அவிய எண்பத்து மூணுல மலேசியாவுக்குக் கப்பலேறுனாக. ஏன் போனாகன்னு எனக்கு அப்பத் தெரியாது. போறதுக்கு முந்தி எங்களுக்குள்ள ஒரு சண்டை. குழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னு ஆரம்பிச்சது எங்கெங்கயோ போயிருச்சு. அந்த ரோசத்துலதான் போறாகன்னு நெனச்சேன். போனாப் போகட்டும்னு நானும் வீம்பா நின்னேன். வீம்புக்கு எங்க வீட்டுல பஞ்சமே கிடையாது.

எண்பத்தேழுல, ஆடித் தேர் முடிஞ்ச கையோட, பாக்டரி ஆபீசுக்கு எனக்கு ஒரு போன் வந்துச்சு. எனக்குப் போனு! ஆத்தாடி, அந்தக் கருப்பு டப்பாவை அதுவரைக்கும் நான் துடைச்சிருக்கேனே தவிர காதுல வச்சதில்லை. கிணத்துக்குள்ள இருந்து கூப்பிடுற மாதிரி ஒரு சத்தம்.

"அக்கா, நான் பக்கத்தூரு கான்சாபுரம் குருசாமி பேசுதேன். மலேசியாவுல கிள்ளான்ல சாப்பாட்டுக் கடையில வேலைக்கு நிக்கேன். அண்ணனுக்கு லாரி இடிச்சு இடுப்பெலும்பு ஒடைஞ்சுபோச்சு. உசுருக்கு ஒண்ணுமில்லை. இது நடந்து மாசக்கணக்காச்சு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அழுகை முட்டிக்கிட்டு வருது.

"அழாதீக அக்கா, போனு நின்னுரும், கேளுங்க. கூட்டிட்டு வந்த ஏஜெண்டு ஓடிட்டான். பாஸ்போர்ட்டு அவன்கிட்டப் போயிருச்சு. பேப்பர் இல்லாத ஆளை இந்த ஊர்க்காரவுக ஆஸ்பத்திரியிலருந்து நேரா கேம்புல கொண்டு போயி அடைச்சிருவாக. நம்ம எம்பசிக்காரவுக நல்லவுக, ஊருக்கு அனுப்புதோம்னுதான் சொன்னாக. ஆனா, இவரு நம்ம நாட்டு ஆளுதான்னு ஊர்லருந்து பதில் வரணும்னாக. எழுதிக் கேட்டாக. பதிலும் வந்திருச்சு."

"என்னன்னுப்பா?"

"அப்படி ஒருத்தன் எங்க தெருவுல இல்லைன்னு வந்திருக்கு. சிவனாண்டி அண்ணனே எனக்குத் தம்பி கிடையாதுன்னு சொன்னதா எழுதியிருக்காம். எம்பசி ஐயா அதை வாசிச்சுச் சொன்னதுலருந்து அண்ணன் சோறு தின்னலை. செவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. ஆஸ்பத்திரியில இந்த மாசம்தான் வச்சிருப்பாக அக்கா. அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

அம்புட்டுத்தான். போனு நின்னுபோச்சு.

முதலாளி ராஜா, தெலுங்குக்காரரு, நல்ல மனுசன். "ஏமி காது, ஏமி காது, ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு சொல்லி ஒரு சொம்புத் தண்ணி குடுத்து உக்கார வச்சாரு. பொறவு எனக்கு விளங்குற மாதிரி சொன்னாரு. வெளிநாட்டுல பாஸ்போர்ட்டைத் தொலைச்சவன் நம்ம எம்பசிக்குப் போனா, அவுக கோலாலம்பூர்லருந்து டெல்லிக்கு எழுதுவாகளாம். டெல்லிக்காரவுக மெட்ராசுக்கு எழுதுவாக. மெட்ராசுலருந்து விருதுநகருக்கு வரும், விருதுநகர்லருந்து வில்லிபுத்தூருக்கு வரும். வில்லிபுத்தூர்லருந்து ஒரு ஆளு நேருல உங்க தெருவுக்கு வந்து, இந்தப் பேருல ஆளு உண்டான்னு கேட்டு எழுதுவாரு. அந்தப் பதிலு வந்த வழியிலேயே திரும்பிப் போவும். உண்டுன்னு போனா, ஒரு தாளு குடுத்து அனுப்பிருவாக. அதுக்கு எமர்ஜென்சி சர்டிபிகேட்டுன்னு பேராம்.

எம் புருசனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான் வைப்பாக. அந்த மனுசன் எங்கயோ கடலுக்கு அங்கிட்டு இடுப்பு ஒடிஞ்சு கிடக்காக. அதுக்காக டெல்லியில ஒரு பெரிய ஆபீசர் பேனாவை எடுத்து, சுந்தரபாண்டியத்துல ஒரு தெருவுல தங்கச்சாமின்னு ஒருத்தன் உண்டான்னு கேக்காரு! எங்க தெருவு வில்லிபுத்தூர்க்காரனுக்கே தெரியாது. தெரு விளக்கு கேட்டு மனுக் குடுத்து எத்தனை வருசமாச்சு, ஒரு நாதி வந்து எட்டிப் பார்க்கலை. ஆனா ஒரு மனுசன் காணாமப் போனா, தேசமே குனிஞ்சு எங்க வாசல்ல வந்து கேக்குது. நெனைக்க நெனைக்க எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. அப்படிக் கேட்டு வந்த ஆளைத்தான் எங்க ஆளுக இல்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பியிருக்காக. பாவிக.

எங்க தெருவோட லட்சணத்தை இங்க சொல்லணும். வில்லிபுத்தூர்க் கோர்ட்டுலருந்து அமீனா சம்மன் கொண்டுக்கிட்டு வருவாரு. அவரு எந்தப் பேரைக் கேட்டாலும் அந்தப் பேருல எங்க தெருவுல ஆளு கிடையாது. இது யாரும் சொல்லிக் குடுத்ததில்லை, தாய்ப்பாலோட வந்தது. ஒரு தடவை டீக்கடை இருளப்பசாமிகிட்டயே வந்து, "இருளப்பசாமி யாரு?"ன்னு அமீனா கேட்டாரு. அந்த மனுசன் டீயை ஆத்திக்கிட்டே, "அவன் காசிக்குப் போயிட்டான் சாமி, வர நாளாகும்"னு சொன்னாரு. தெருவே பக்கத்துல நின்னுக்கிட்டு ஆமான்னுச்சு. அமீனாவும் டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாரு.

அந்தச் சமயத்துல எங்க மூத்தாரு, அவியளோட அண்ணன் சிவனாண்டிக்குக் கிணத்துப் பங்குல ஒரு வழக்கு. பக்கத்து வயக்காரன் அண்ணன் தம்பி ரெண்டு பேரு மேலயும் போட்டிருந்தான். சம்மன் ரெண்டு பேரு பேருக்கும் வரும்னு மூத்தாரு பயந்து கிடந்தாரு. அந்த நேரம் பார்த்து, தோல் பையும் சைக்கிளுமா ஒரு புது ஆளு வந்து, "தங்கச்சாமி வீடு எது?"ன்னா எப்படி இருக்கும்? பழைய அமீனா ரிட்டயர்டு ஆயிட்டாரு, இது புது அமீனான்னு முடிவு பண்ணிட்டாக. நான் ராஜபாளையத்துல பஞ்சுக்குள்ள கிடக்கேன். எனக்கு எங்க தெரியப் போகுது.

அன்னைக்குப் பஸ்ஸை விட்டு இறங்குனவ வீட்டுக்குப் போகலை. நேரா மூத்தாரு வாசலுக்குப் போனேன். கல்யாணமாகி வந்த நாள்லருந்து அவரு முன்னால நின்னு பேசாதவ நான். அன்னைக்கு முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு நின்னேன்.

"உமக்குத் தம்பி உண்டா இல்லையா?"

மனுசன் மிரண்டு போயிட்டாரு. "என்னத்தா இது கேள்வி?"

"ஒரு ஆளு வந்து கேட்டாருல்ல. அவருகிட்ட என்ன சொன்னீரு?"

"அது அமீனா..."

"அமீனா இல்லை! உம்ம தம்பி மலேசியாவுல ஒடிஞ்சு கிடக்காரு. இந்த ஆளு எங்க ஆளா சொல்லுங்கன்னு கேட்டு வந்தவரு அவரு!"

பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள் வந்து நின்னா. "ஏட்டி வெள்ளத்தாயி, அவரு என்னமோ மலேசியான்னுதான் சொன்னாரு. அமீனா எத்தனை வேசம் போடுவான்னு நமக்குத் தெரியாதாக்கும்னு நாந்தான் அந்தக் குடும்பமே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சுன்னு சொல்லிட்டேன்." சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு முகம் செத்துப்போச்சு.

மூத்தாரு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கிட்டாரு. அவரு வளர்த்த தம்பி. மாமியா செத்தப்ப அவியளுக்கு இடுப்புல துணி நிக்காத வயசு. அண்ணன்தான் ஆக்கிப் போட்டு ஆளாக்குனது. எனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு.

மறுநாள் வேலைக்குப் போகலை. வில்லிபுத்தூர்ல போலீசு ஆபீசைத் தேடிப் போனேன். வந்து விசாரிச்சவரு பேரு சம்பத்குமார், ஸ்பெஷல் பிராஞ்சு. யூனிபாரம் கிடையாது. வேட்டி, சட்டை, நெத்தியில ஒத்தக் கோடாத் திருமண். அமீனான்னு நெனைச்சதுல தப்பும் சொல்ல முடியாது. நான் பேரைச் சொன்னதும் மனுசன் நிமிர்ந்து பார்த்தாரு.

"ஏம்மா, உங்க தெருவுல வாய் நனைக்கத் தண்ணி கேட்டேன், ஓடி வந்து குடுத்தாங்க. தங்கச்சாமின்னு கேட்டதும் சொம்பைப் பிடுங்கிட்டாங்க. இத்தனை வருச சர்வீசுல இப்படி ஒத்துமையா ஒரு தெருவை நான் பார்த்ததே இல்லை. ஒரு பிள்ளைகூட மாத்திச் சொல்லலை!"

நான் எல்லாத்தையும் சொன்னேன். லாரி, கேம்பு, செவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டது வரைக்கும். கேட்டு முடிச்சவரு தன் பைலை எடுத்துப் பிரிச்சாரு.

"நான் எழுதி அனுப்புனதை நானே அழிக்க முடியாதும்மா. இல்லைன்னு சொன்னவங்களே இங்க வந்து உண்டுன்னு சொல்லணும். பயந்துக்கிட்டுப் பொய் சொன்னோம்னு எழுதிக் கையெழுத்தும் போடணும். வெறுமனே உண்டுன்னா பத்தாது. அங்க கட்டில்ல கிடக்குற ஆளும் நீங்க சொல்ற ஆளும் ஒண்ணுதான்னு தெரியணும். தழும்பு, மச்சம், பழக்கவழக்கம், எல்லாம் சொல்லணும். அங்க வச்சு ஒத்துப் பார்ப்பாங்க. முக்கியமா அந்த அண்ணன் வரணும். கூடப் பொறந்தவனே இல்லைன்னு சொல்லியிருக்கும்போது, ஊரே உண்டுன்னாலும் எடுபடாது."

அன்னைக்குச் சாயங்காலம் இருளப்பசாமி டீக்கடை முன்னால தெருவைக் கூட்டி வச்சுச் சொன்னேன். ஒவ்வொருத்தரா பின்னால நகர ஆரம்பிச்சாக. போலீசு டேசன் படியில அப்பன் பாட்டன் காலத்துலருந்து கால் வைக்காத சனம். தாங்களே போயி, பொய் சொன்னது நாங்கதான்னு எழுதிக் குடுக்கணும்னா யாருக்குத்தான் துணிச்சல் வரும்? "யானை தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்ட கதையால்ல இருக்கு"ன்னாரு ஒரு பெரியவரு. மூத்தாரு அந்தப் பக்கமே வரலை.

"சரி, இருங்க"ன்னேன். "ஒருத்தனை இல்லைன்னு சொல்ல அம்புட்டுப் பேருக்கும் வாய் இருந்துச்சு. உண்டுன்னு சொல்ல ஒருத்தருக்கும் இல்லை. நாளைக்கு உங்க வீட்டு ஆளு எங்கயாவது விழுந்து கிடப்பான். அப்பவும் இந்தத் தெருகிட்டத்தான் வந்து கேப்பாக. அப்பத் தெரியும்." மண்ணை வாரித் தூத்தாத குறைதான். வீட்டுக்குப் போயிக் கதவைச் சாத்திட்டேன்.

விடிஞ்சு பஸ்ஸுக்கு நின்னா, நான் மட்டும்தான் நிக்கேன். முதல்ல சுடலையம்மாள் வந்தா, கண்டாங்கியை மாத்திக் கட்டிக்கிட்டு. என் முகத்தைப் பார்க்கலை, வந்து பக்கத்துல நின்னா. பொறவு இருளப்பசாமி வந்தாரு. கடையைச் சாத்துன நாளை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. பொறவு முடி வெட்டுறவரு, துணி வெளுக்குற அக்கா, ஆடு மேய்க்குற கிழவன், கைப்பிள்ளைக்காரிக. வந்துக்கிட்டே இருக்காக. ஐயோ, தெருவே எந்திரிச்சு வருது! முந்தின நாள் நான் பேசுன பேச்சை நெனச்சு எனக்கு வெக்கமா இருந்துச்சு.

கண்டக்டர் மலைச்சுப் போயி, "எந்த ஊருக் கல்யாணம்?"னு கேட்டான்.

"கல்யாணம் இல்லைப்பா, பொய் சொன்னதை ஒத்துக்கிடப் போறோம். டிக்கட்டைக் கிழி"ன்னாரு இருளப்பசாமி.

அம்புட்டுக் கூட்டத்தையும் ஆபீசுக்குள்ள விட முடியலை. சம்பத்குமார் ஐயா வேப்பமரத்தடியில மேசையைப் போடச் சொல்லி உக்காந்தாரு. முதல்ல எல்லாரையும் ஒரு பாட்டம் வஞ்சாரு. தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டாக. பொறவு, "ஒவ்வொருத்தரா வாங்க. தங்கச்சாமியப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"னாரு.

முடி வெட்டுறவரு, "ரெட்டைச் சுழி சாமி. கத்திரி பிடிக்கையில எனக்குத்தான் தெரியும் அந்தப் பாடு"ன்னாரு. சுடலையம்மாள், "எங்க கன்னுக்குட்டி கிணத்துல விழுந்தப்ப அவந்தான் குதிச்சான். தோள்ல தூக்கிக்கிட்டு ஏறும்போது கல்லு கிழிச்சு, இடது தோள்ல அந்தத் தழும்பு இருக்கும் பாருங்க"ன்னு தன் தோளைத் தொட்டுக் காட்டுனா. வெளுக்குற அக்கா, மழையில தன் புருசன் செத்துக்கிடந்தப்ப யாரும் வெளிய வரலை, அவன் ஒருத்தன்தான் மம்பட்டியை எடுத்துக்கிட்டு வந்தான், குழி வெட்டயில வெட்டுப் பட்டு வலது கால் பெருவிரல்ல நகம் கிடையாதுன்னு சொன்னா. ஆடு மேய்க்குற கிழவன் மட்டும், "எங்க தென்னையில எளனி களவாண்ட பய. அதுக்கும் சேர்த்து எழுதிக்கோங்க"ன்னாரு. ஐயா சிரிச்சுக்கிட்டே அதையும் எழுதுனாரு.

அதுல பாதி எனக்குத் தெரியாது. அந்த விரலுக்கு நான் எத்தனை தடவை மஞ்சள் பத்துப் போட்டிருக்கேன். வண்டிச் சக்கரம் ஏறிருச்சுன்னு சொல்லியிருந்தாக. ஒரு மனுசனோட ஒரே பாயில படுத்து எந்திரிச்சவ, அந்த மனுசன் யாருன்னு போலீசு வாசல்ல நின்னு தெரிஞ்சுக்கிட்டேன். எம் புருசன் இம்புட்டுப் பேருக்குள்ள இருந்திருக்காகளே, எனக்குத் தெரியாமப் போச்சேன்னு மலைச்சு நின்னேன்.

கடைசியா இருளப்பசாமி வந்தாரு. "இடது கைக்காரன். கிளாசை இடது கையிலதான் பிடிப்பான்"னு சொல்லிட்டு நிறுத்துனாரு. என்னையப் பார்த்தாரு. "இன்னும் ஒண்ணு இருக்கு சாமி. மலேசியாவுக்குப் போறதுக்கு முந்தி ஒருநா கடையில உக்காந்து அழுதான். எம் பொண்டாட்டி பஞ்சுத் தூசியில வேலை பார்த்து ராவெல்லாம் இருமுதா, நான் நாலு காசு கொண்டாந்தாத்தான் அவளை அந்த வேலையிலருந்து நிறுத்த முடியும், சொன்னா விடமாட்டா, அதான் சண்டை போட்டுக்கிட்டுப் போறேன்னான்."

நான் மரத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.

எல்லாரும் சொல்லி முடிச்சு, பெருவிரலை மையில தொட்டு வச்சு முடிச்சாச்சு. சம்பத்குமார் ஐயா பேனாவை மூடலை. "அண்ணன் வரலையா?"னு கேட்டாரு. எல்லாரும் ரோட்டைத் திரும்பிப் பார்த்தாக. "அவரு இல்லாம இதை அனுப்பிப் புண்ணியமில்லைம்மா"ன்னு மெதுவாச் சொன்னாரு.

அப்பத்தான் சைக்கிள் வந்துச்சு. சுந்தரபாண்டியத்துலருந்து மிதிச்சுக்கிட்டு வந்திருக்காரு மூத்தாரு. சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. தெருவு ஒதுங்கி வழி விட்டுச்சு. அவரு மேசை முன்னால போயி நின்னு, கையை முட்டிக்கு மேல கொஞ்சம் உசத்திக் காட்டுனாரு. "இம்புட்டு இருந்தான் ஐயா, எங்க ஆத்தா செத்தப்ப"ன்னாரு. "நான்தான் ஐயா சொன்னேன். எம் வாய்தான் சொன்னுச்சு. எனக்குத் தம்பி உண்டு. என்னைய என்ன வேணும்னாலும் பண்ணுங்க, அவனை விட்டுருங்க."

ஐயா தாளை அவரு பக்கம் தள்ளுனாரு. அவரு பெருவிரலை வச்சு அமுக்குனதுல தாளே கிழிஞ்சிருக்கும். அது முடியுறதுக்கும், எதுத்தாப்புல கோர்ட்டு வாசல்ல வெத்தலை போட்டுக்கிட்டு நின்ன நெசமான புது அமீனா வந்து, "நீருதான் சிவனாண்டியா? உம்மைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்"னு சம்மனை நீட்டுறதுக்கும் சரியா இருந்துச்சு. தெருவே மூச்சை அடக்கிக்கிட்டு நிக்குது. மூத்தாரு கண்ணைத் துடைச்சிக்கிட்டு, "ஆமா, நான்தான்"னு கையை நீட்டி வாங்கிக்கிட்டாரு. எங்க தெருவுல சம்மனைக் கையில வாங்குன முதல் ஆளு அவருதான்.

சம்பத்குமார் ஐயா அவசரம்னு எழுதி அனுப்புன அந்தத் தாளு எங்கிட்டு எங்கிட்டெல்லாம் போச்சோ, வில்லிபுத்தூர்லருந்து கோலாலம்பூருக்குப் போயிச் சேர்ந்துச்சு. மாசம் முடியுறதுக்குள்ள குருசாமி மறுபடியும் போன் பண்ணுனான். எம்பசி ஐயா ஆஸ்பத்திரிக்கே வந்து தோளைப் பார்த்தாராம், கால் விரலைப் பார்த்தாராம், தலையைக் குனியச் சொல்லிச் சுழியைப் பார்த்தாராம். பார்த்துட்டு, "நம்ம ஆளுதான்"னாராம். போட்டோ ஒட்டுன ஒத்தத் தாளுல சிங்க முத்திரை குத்திக் குடுத்துட்டாராம். "வேற என்ன சொன்னாரு? மூத்தாரு வந்து சொன்னதைச் சொன்னாரா?"னு கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் வாசிக்கலை அக்கா. அண்ணனும் கேக்கலை. ஊர்ப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கிடுதாரு. பிளேனு ஏத்தி விடுதோம், மெட்ராசுக்கு வாங்க"ன்னான். மூத்தாரு பெருவிரல் வச்சதை அவியகிட்டச் சொல்லுப்பான்னு சொல்லுறதுக்குள்ள போனு நின்னுபோச்சு. முதல்ல இல்லைன்னதுதான் அவிய காதுல கிடக்கு. வந்தாலும் ஊருக்கு வருவாகளா, அண்ணன் முகத்துல முழிப்பாகளான்னு எனக்குப் பதக்குப் பதக்குன்னு இருந்துச்சு.

மெட்ராசுக்கு நான் போறதுன்னு முடிவாச்சு. மதுரைக்குப் போற பஸ்ஸுல ஏறிப் பார்த்தா, கடைசி சீட்டுல மூத்தாரு உக்காந்திருக்காரு. நான் கூப்பிடலை, அவரும் கேக்கலை. மெட்ராசு போயிச் சேருற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிடலை.

மீனம்பாக்கத்துல பிளேனு தலைக்கு மேல இறங்குறதை அன்னைக்குத்தான் பார்த்தேன். அம்புட்டுப் பெரிய இரும்பு, தரையில வந்து பூவா உக்காருது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால கயிறு கட்டி, கயித்துக்கு இங்கிட்டு எங்களை நிறுத்தியிருந்தாக. ஒவ்வொரு ஊர்க்காரவுகளும் அவுக அவுக ஆளுக்காகக் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்காக. எந்த எந்தத் தேசத்துலருந்தோ வர்ற ஆளுகளை ஒவ்வொருத்தரா அந்தக் கதவு வெளிய விடுது. உள்ள ஒவ்வொருத்தருக்கும் ஒரு தாளைப் பார்த்து, நீ போகலாம்னு ஒருத்தர் சொல்லணுமாம். எம்மாடி, மனுசன் வீட்டுக்கு வாரதுல இம்புட்டு இருக்கான்னு நெனச்சுக்கிட்டு நின்னேன்.

வந்தாக. ரெண்டு கக்கத்துலயும் கட்டையை ஊனிக்கிட்டு, பாதி உடம்பா வந்தாக. நான் கயித்துக்கு அடியில குனிஞ்சு ஓடிட்டேன். என்னையப் பார்த்ததும், "இருமல் எப்படி இருக்கு?"ன்னாக. எனக்குக் கண்ணு ரெண்டும் மறைச்சுப்போச்சு. என்ன பேசுறதுன்னு தெரியாம, "அந்தத் தாளு எங்க?"ன்னு கேட்டேன்.

"உள்ளயே வாங்கிக்கிட்டாக."

"வாங்கிக்கிட்டாகளா! அதுக்கு நாங்க எம்புட்டுப் பாடுபட்டோம்! போயிக் கேளுங்க, நான் கேக்கேன்."

"வாரதுக்கு மட்டும்தானாம் அது. வந்தாச்சுல்ல, இனி வேண்டாமுன்னுட்டாரு"ன்னு சொல்லிட்டு, "விடு வெள்ளத்தாயி, எனக்குக் கால் வலிக்கு"ன்னாக.

அந்த நேரம் பின்னால ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா, கயித்தைத் தாண்டி வந்த மூத்தாரை ஒரு போலீசு சட்டைக் காலரோட பிடிச்சு நிறுத்தியிருக்காரு. "எங்க போறே? டிக்கட்டு எங்க? யாரைப் பார்க்க வந்தே?"ன்னு அதட்டுதாரு. மூத்தாரு கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்காரு. தம்பியை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. தலை தொங்கிக் கிடக்கு. போலீசு இங்கிட்டுத் திரும்பி, "இந்தாப்பா, உன்னைத்தான் பார்த்துக்கிட்டே ஓடி வந்தான். இவன் யாரு, உனக்குத் தெரியுமா?"ன்னு அவியகிட்டக் கேட்டாரு.

மூத்தாரு வில்லிபுத்தூருக்கு வந்ததும் தெரியாது, பெருவிரலை வச்சதும் தெரியாது அவியளுக்கு. தெரிஞ்சதெல்லாம், அண்ணன் இல்லைன்னு சொன்னது மட்டும்தான். எத்தனை நாள் அதை நெனச்சுச் செவரைப் பார்த்துக் கிடந்தாகளோ. அவிய அண்ணனைப் பார்த்தாக. பார்த்துக்கிட்டே நிக்காக. ஒரு கட்டை நழுவுச்சு, அதைச் சரி பண்ணிக்கிட்டாக.

"எங்கண்ணன்"னாக. "என்னையக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு."

போலீசு காலரை விட்டுட்டாரு. ஒரு தாளு கேக்கலை, ஒரு சாட்சி கேக்கலை. "சரி, கூட்டிட்டுப் போங்க"ன்னு மட்டும் சொன்னாரு.